21-ஐவிட 9 பெரிது! மலைச் சைக்கிளில் இப்படியும் ஒரு கணக்கு, தெரியுமா?

தெரியுமா? மலைச் சைக்கிள் பந்தயம் பிறந்த பாதைக்குப் பெயர் வாங்கித் தந்தது, வெந்து புகைந்த கிரீஸ்!

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுண்டி. அங்கே 784 மீட்டர் உயரத்தில் டாமல்பயஸ் மலை. அதைச் சுற்றியுள்ள குன்றுகளில், காட்டுத்தீ பிடித்தால் வண்டி போவதற்கென்று வெட்டிவிட்ட மண்சாலைகள் ஏராளம். ஃபேர்ஃபாக்ஸ் என்கிற சிற்றூர்ப் பக்கம் இறங்கும் அப்படியொரு சாலையில், 1976 அக்டோபர் 21 அன்று, சில இளைஞர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் பாய்ந்தார்கள். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம்! கையில் இருந்தவையோ 1930, 40-களில் ஷ்வின் நிறுவனம் செய்த பழைய பலூன் டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப் கொதித்து, உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும். ஹப்பைக் கழற்றி, திரும்பவும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ரீபேக்’. அதுவே பாதையின் பெயராக ஒட்டிக்கொண்டது! கேரி ஃபிஷர் என்பவர் அதில் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். அந்தப் பந்தயங்களில் அதை யாரும் முறியடிக்கவில்லை.

அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்ற இளைஞர், பழசை ஒட்டுப்போட்டது போதும் என்று புத்தம்புதுக் குழாய்களை இணைத்து மலைக்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். 1977-ல் அவர் தொடங்கி வைத்த அந்த முதல் ‘பிரீசர்’ இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்! 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்று ஆலையில் மொத்தமாகச் செய்து விற்க ஆரம்பித்ததும் உலகமே மலையேறத் தொடங்கிவிட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்த விளையாட்டைப் பெற்றெடுத்த அந்த மலையிலேயே, பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குப் பல பத்தாண்டுகள் தடை! அகலமான மண்சாலைகளில் போகலாம், ஆனால் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. மறைவான வளைவில் 8 கிலோமீட்டர்தான். வனக்காவலர்கள் ராடார் துப்பாக்கியோடு நின்று சைக்கிள்காரர்களைப் பிடித்தார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

சரி, இந்தக் கதையெல்லாம் எதற்கு? அந்த ஆட்டம் அத்தனையும் நடந்தது ஒரு ஷாக்கூட இல்லாத சைக்கிளில்! அந்த வம்சத்தில் வந்ததுதான் ஹார்ட்டெயில். முன்சக்கரத்துக்கு மட்டும் அமுங்கும் ஃபோர்க்; பின்பக்கம் விறைப்பான வெறும் குழாய்கள். முதன்முதலாகக் காட்டுப் பாதையில் ஓட்டப்போகிறவர்கள் இதை வாங்குவதுதான் நல்லது என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரே விலையில் இரண்டு பக்கமும் ஷாக் வைத்த சைக்கிள் கிடைக்கிறதே என்றால், அந்த இரண்டாவது ஷாக்குக்கான காசை பிரேக்கிலிருந்தும் டயரிலிருந்தும் உருவியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் முதன்முறை நுழைந்தது. நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸ், இத்தாலியின் பாவ்லா பெட்ஸோ இருவரும் தங்கம் அள்ளினார்கள். இரண்டு பக்கமும் ஷாக் உள்ள சைக்கிள் ஒன்று ஒலிம்பிக் தங்கத்தைத் தொட்டது எப்போது தெரியுமா? 2012-ல்! லண்டனில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி வென்றபோதுதான். ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களே அதுவரை ஹார்ட்டெயிலில் காலம் தள்ளியிருக்கிறார்கள், நமக்கென்ன?

இனி கடைக்குள் போவோம். அங்கே கண்ணைப் பறிக்கும் எண்கள் வேறு, காட்டில் காப்பாற்றும் எண்கள் வேறு. முதல் வகை பெரிய எழுத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். இரண்டாவது வகையைக் குனிந்து தேட வேண்டும்.

‘மவுன்டன் பைக்’ என்று விற்கப்படும் பல மலிவு சைக்கிள்களின் கையேட்டிலோ ஃப்ரேமிலோ பொடி எழுத்தில் ‘இதைக் கரடுமுரடான பாதையில் ஓட்டாதீர்கள்’ என்று எழுதியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? பெயர் மலை, அனுமதி தெரு வரைக்கும்தான்! இதற்கென்று ஏ.எஸ்.டி.எம். என்கிற தர நிர்ணய அமைப்பு 1 முதல் 5 வரை வகை பிரித்து வைத்திருக்கிறது. 1 என்றால் தார்ச்சாலை. 2 என்றால் மண்சாலை, சரளைச் சாலை. 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 3 வந்தால்தான் வேரும் கல்லும் கிடக்கும் காட்டுப் பாதை. 61 சென்டிமீட்டர் வரை தாங்கும். 4, 5 எல்லாம் பறக்கிறவர்களுக்கு. நமக்கு வேண்டியது 3. கடைக்காரரிடம் “இது எத்தனையாவது வகை?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் கையேட்டைப் புரட்டினால் நல்ல கடை. சிரித்தால் வேறு கடை.

அடுத்தது, தலைப்பில் சொன்ன கணக்கு. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

‘21 ஸ்பீடு’ என்று பெருமையாக எழுதிய சைக்கிளில் முன்னால் மூன்று செயின்வீல், பின்னால் ஏழு பல்சக்கரம். முன்னால் 28, 38, 48 பல். பின்னால் 14-லிருந்து 28 பல் என்பது வழக்கமான ஏற்பாடு. மிக லேசான கியரில் 28-க்கு 28: பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. மிகக் கடினமான கியரில் 48-க்கு 14: ஒரு மிதிக்குச் சக்கரம் 3.43 சுற்று. ஆக, இரண்டு முனைகளுக்கும் நடுவே சுமார் மூன்றரை மடங்கு வித்தியாசம், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் பல கியர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. இப்போது பக்கத்தில் நிற்கும் வெறும் ‘9 ஸ்பீடு’ சைக்கிளைப் பாருங்கள். முன்னால் ஒரே செயின்வீல், 30 பல். பின்னால் 11-லிருந்து 46 பல் வரை. 46-ஐ 11-ஆல் வகுத்தால் 4.18 மடங்கு! மிக லேசான கியரில் ஒரு மிதிக்குச் சக்கரம் 0.65 சுற்றுதான் சுழலும். செங்குத்து ஏற்றத்தில் நாக்குத் தள்ளாமல் ஏற உதவுவது இந்த 0.65-தான். தார்ச்சாலையில் பறப்பதற்கு 48 பல் செயின்வீல் கொஞ்சம் தேவலை, ஒப்புக்கொள்கிறேன். காட்டில் அது எதற்கு?

இந்த ஒற்றைச் செயின்வீல் புரட்சியைப் பெரிய அளவில் கொண்டுவந்தது 2012-ல் ஸ்ராம் நிறுவனம். முன்னால் செயினைத் தள்ளும் கருவியே இல்லையென்றால் குலுக்கலில் செயின் கழன்று விழாதா? அங்கேதான் சூட்சுமம்! செயின்வீலின் பற்களை உற்றுப் பாருங்கள்: ஒன்று தடிமன், அடுத்தது ஒல்லி, மறுபடி தடிமன். செயினின் கண்ணிகளும் ஒன்றுவிட்டு ஒன்று அகலமும் குறுகலுமாகத்தானே இருக்கின்றன! பல்லும் கண்ணியும் அப்படியே பொருந்திக்கொள்கின்றன. பின்னால் கியர் மாற்றும் கருவியான டிரெய்லியருக்குள் கிளட்ச் ஒன்று செயினை இழுத்துப் பிடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் ‘டக டக’ சத்தம் வெகுவாகக் குறையும்.

பின்சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ரகசியத்துக்கு வருவோம். இது விற்பனைத் தாளில் கண்ணில் படுவது அரிது. பழைய பாணி ஏழு பல்சக்கரக் கொத்துக்கு ஃப்ரீவீல் என்று பெயர். ஹப்பின் மேல் மறை போட்டுத் திருகி மாட்டுவது. அப்படி மாட்டும்போது, வலப்பக்க பால்ரஸ் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி உட்கார வேண்டிவரும். அங்கிருந்து ஃப்ரேம் வரைக்கும் ஆக்ஸில் தாங்குவாரின்றி நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு கல்லின் மேல் தொம்மென்று இறங்கினால், மொத்த அடியும் அந்த நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் விழும். வளையும்! வளைந்தது தெரியாமலேயே ஓட்டுவீர்கள். சக்கரம் ஒரு பக்கமாய் ஆடும், கியர் தானாகத் தாவும், ஒருநாள் ஆக்ஸில் இரண்டாக உடையும். கேசட் என்கிற நவீன ஏற்பாட்டில் பல்சக்கரங்கள் தனித்தனித் தட்டுகளாக ஃப்ரீஹப்பின் மேல் நழுவி உட்காரும். பால்ரஸ் வலது ஓரம் வரை வந்து ஆக்ஸிலைத் தாங்கும். “கேசட்டா, ஃப்ரீவீலா?” இந்த ஒரு கேள்விக்கு ‘ஃப்ரீவீல்’ என்று பதில் வந்தால், எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அந்தச் சைக்கிளைத் தெருவுக்கு விட்டுவிடுங்கள்.

முன்பக்கம் அமுங்கும் ஃபோர்க்குக்கு எத்தனை வயது தெரியுமா? 1989-ல் பால் டர்னர் என்பவர் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஆர்எஸ்-1 என்று ஒரு ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். அது அமுங்கிய தூரம் இரண்டு அங்குலம்கூடக் கிடையாது! அதை மாட்டிக்கொண்டு 1990-ல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்டு இறக்கப் பந்தயத்தை வென்றார். இன்று ஆரம்பக்காரரின் ஹார்ட்டெயிலிலேயே 100 முதல் 140 மில்லிமீட்டர் வரை அமுங்குகிறது.

‘அப்படியானால் 160, 170 வாங்கிவிட்டால் இன்னும் சுகம்தானே?’ இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஹார்ட்டெயிலில் பின்பக்கம் அமுங்காது. முன்பக்கம் அமுங்கும்போது முழுச் சைக்கிளும் தலைகுனிகிறது. அமுங்கும் ஒவ்வொரு 20 மில்லிமீட்டருக்கும், ஃபோர்க் நுழைந்து நிற்கும் கழுத்துக் குழாயின் கோணம் ஒரு டிகிரிக்குச் சற்றே குறைவாகச் செங்குத்தாகிறது. 120 மில்லிமீட்டரும் முழுசாக அமுங்கினால் 5 டிகிரிக்கு மேல் போச்சு! 65 டிகிரியில் நிதானமாக நின்ற சைக்கிள், நீங்கள் மிகவும் பயந்திருக்கும் அந்த நொடியில், 70 டிகிரி பழைய பந்தயச் சைக்கிளாக மாறிவிடுகிறது. அதனால்தான் ஹார்ட்டெயிலுக்கு 120-லிருந்து 140 வரை போதும் என்கிறேன். 100-க்கென்று செய்த ஃப்ரேமில் 150-ஐ மாட்டும் வேலையோ, வேண்டவே வேண்டாம். கோணம் மொத்தமும் குலையும், கழுத்துக் குழாயின் வெல்டு மேல் நெம்புகோல் மாதிரி சுமை ஏறும், வாரண்டியும் பறக்கும்.

அந்த 65, 70 என்கிற டிகிரிக் கணக்கு என்ன? தரையோடு கழுத்துக் குழாய் செய்யும் கோணம் அது. 1990-களில் 71 டிகிரி என்பது சர்வசாதாரணம். முன்சக்கரம் ஓட்டுபவரின் காலடியிலேயே கிடக்கும். கொஞ்சம் பெரிய கல் வந்தால் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் விழலாம். இன்றைய காட்டுப் பாதை ஹார்ட்டெயிலில் 64 முதல் 66 வரை. சக்கரம் முன்னால் தள்ளி நிற்கிறது, மனசுக்குத் தெம்பு வருகிறது. ஹேண்டில்பாரும் கூடவே வளர்ந்துவிட்டது: அன்று 56, 58 சென்டிமீட்டர், இன்று 76, 78! அகலம் அதிகமாகத் தோன்றினால் இரண்டு முனையிலும் ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் ஒட்டவைக்க முடியாது.

ஃபோர்க்கில் காற்றா, ஸ்பிரிங்கா? மலிவானவற்றில் உள்ளே கம்பிச் சுருள். அது யாரோ ஒரு சராசரி எடைக்காரருக்காகச் செய்யப்பட்டது. 50 கிலோ ஆள் ஏறினால் அமுங்காது, 95 கிலோ ஆள் ஏறினால் அடிவரை போய் இடிக்கும். காற்று ஃபோர்க் என்றால் அவரவர் எடைக்குக் காற்று ஏற்றிக்கொள்ளலாம். எவ்வளவு ஏற்றுவது? ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், பாருங்கள். அதைக் கீழே சீல் வரைக்கும் இறக்கிவிடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட், பை எல்லாவற்றோடும், குலுக்காமல் ஏறிப் பெடல்கள் மேல் நில்லுங்கள். பிறகு மெல்ல இறங்குங்கள். வளையம் மேலே ஏறி நிற்கும் அல்லவா? 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் அது 24-லிருந்து 30 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கச்சிதம். கூடுதலாக ஏறியிருந்தால் காற்றைக் கூட்டுங்கள். ஏறவே இல்லையென்றால் குறையுங்கள். வீட்டு பம்பு இதற்கு உதவாது. ஷாக் பம்பு என்று தனியாக ஒன்று உண்டு, கையடக்கமாக.

ஸ்பிரிங் ஃபோர்க்கோடு வந்த சைக்கிளைப் பிறகு மேம்படுத்தலாமா என்பது ஒரே ஒரு இடத்தில் தெரிந்துவிடும். ஃப்ரேமின் கழுத்துக் குழாயை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். அடியில் தடித்தால், மேலே 1⅛ அங்குலம், கீழே 1½ அங்குலம் உள்ள நவீன ஃபோர்க் தண்டு உள்ளே போகும். ஒரே சீரான ஒல்லிக் குழாய் என்றால் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அதற்குப் பொருந்தாது. சக்கரம் கோத்திருக்கும் விதத்தையும் பாருங்கள்: பின்பக்கம் 148 மில்லிமீட்டர் அகல ஹப்பும் 12 மில்லிமீட்டர் தடித்த ஆக்ஸிலும் ஃப்ரேமுக்குள்ளேயே திருகி நின்றால், நாளைக்கு நல்ல சக்கரம் வாங்கினாலும் மாட்டலாம். வாங்கும்போது ஃபோர்க் சுமாராக இருக்கட்டும், கியர் சுமாராக இருக்கட்டும். அவையெல்லாம் தேய்ந்தால் மாற்றுகிற சாமான்கள். ஃப்ரேமில் கருமித்தனம் பண்ணினால் சைக்கிளையேதான் மாற்ற வேண்டும்!

சக்கரத்துக்கு வாருங்கள். இன்றைய மலைச் சைக்கிளின் ‘29 அங்குல’ சக்கரம் என்ன பெரிய ராட்சத அளவு என்கிறீர்களா? அதன் ரிம் 622 மில்லிமீட்டர். ஒல்லி டயர் போட்ட சாலைப் பந்தயச் சைக்கிளின் ரிம்மும் அதே 622 மில்லிமீட்டர்தான்! இன்னொன்று கேளுங்கள்: தாத்தா ஓட்டிய கறுப்பு நிற உயரச் சைக்கிள் வீட்டில் இருந்தால் டயர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள், 28 x 1½ என்றிருக்கும். அதன் ரிம் 635 மில்லிமீட்டர். ஆமாம், பால்காரரும் தபால்காரரும் மிதித்த நம்மூர்ச் சைக்கிளின் ரிம், 29 அங்குல மலைச் சைக்கிளின் ரிம்மைவிடப் பெரியது! குண்டு டயர் போட்ட பிறகுதான் மலைச் சைக்கிள் உயரத்தில் முந்துகிறது. நடு அளவான 27.5-ன் ரிம் 584. பழைய 26-ன் ரிம் 559. பெரிய சக்கரம் குழியில் விழாமல் உருளும். சின்னது சட்டென்று திரும்பும். உயரம் குறைந்தவர்கள் கவலைப்பட வேண்டாம், சில நிறுவனங்கள் சிறிய அளவு ஃப்ரேமுக்குத் தாங்களாகவே 27.5 போட்டுத் தருகிறார்கள்.

நம் ஊரில் ஒரு பழக்கம்: டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, கல்லு மாதிரி இருந்தால்தான் ‘காத்து சரியா இருக்கு’ என்போம். காட்டுப் பாதையில் அது தலைகீழ்! ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ என்று வையுங்கள். டயரில் 25 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.76 கிலோ. 90-ஐ 1.76-ஆல் வகுத்தால் 51 சதுர சென்டிமீட்டர். இரண்டு சக்கரத்துக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 25 சொச்சம். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர்! மலைச்சரிவில் உங்கள் உயிரைப் பிடித்திருக்கும் இடம் சக்கரத்துக்கு இவ்வளவுதான். இதிலேயே 50 பி.எஸ்.ஐ. அடித்தீர்களானால் அதுவும் பாதியாகிவிடும். டயரின் விறைப்பையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும், விஷயம் மாறாது. 2.3, 2.4 அங்குல டயரில் குறைந்த காற்று: இதுதான் ஹார்ட்டெயிலின் உண்மையான பின்பக்க ஷாக். ஸ்டீல் ஃப்ரேம் வளைந்து கொடுக்கும், அலுமினியம் உலுக்கும் என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களிடம் டயர் காற்றை அளந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆனால் ட்யூப் உள்ளே இருக்கும்போது காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம் ட்யூபைக் கடித்துவிடும்; பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். இதற்குத்தான் ட்யூப்லெஸ். டயருக்குள் ரப்பர்ப்பால் கலந்த திரவம் சலசலத்துக்கொண்டிருக்கும். முள் குத்திய ஓட்டைக்கு ஓடிப்போய் உறைந்து தானே அடைக்கும்! சில மாதங்களில் அது காய்ந்துவிடும், வெயில் காலத்தில் சீக்கிரமே. மறுபடி ஊற்ற வேண்டும். வாங்கும்போதே ரிம், டயர் இரண்டிலும் ‘ட்யூப்லெஸ் ரெடி’ என்று இருக்கிறதா பாருங்கள்.

டிஸ்க் பிரேக்கில் ஒயர் இழுப்பது ஒன்று, எண்ணெய் தள்ளுவது ஒன்று. சந்தேகமே வேண்டாம், எண்ணெய்தான். ஒற்றை விரலால் முழு வேகத்தையும் நிறுத்தலாம். மீதி விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்க. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். வேறு சிலவற்றுக்குக் கார் பிரேக்கில் ஊற்றும் டாட் திரவம். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல் ஊதிக் கெட்டு, பிரேக்கே குப்பைக்குப் போகும். மூடியில் எழுதியிருக்கும், மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

உடைவதற்கென்றே ஒரு பாகத்தைச் செய்து மாட்டியிருக்கிறார்கள், தெரியுமா? பின்பக்க டிரெய்லியர் நேராக ஃப்ரேமில் தொங்கவில்லை. நடுவே கட்டைவிரல் நீள அலுமினியத் துண்டு ஒன்று இருக்கிறது. ஹேங்கர். சைக்கிள் சாய்ந்து பாறையில் இடித்தால் அந்தத் துண்டு வளைந்தோ ஒடிந்தோ போகும். விலையுயர்ந்த டிரெய்லியரும் ஃப்ரேமும் தப்பும். பல காலம் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வடிவம் வைத்திருந்ததால், ஒடிந்த ஹேங்கருக்குப் பதில் தேடி அலைவதே ஒரு பிழைப்பாக இருந்தது. 2019-ல்தான் ஸ்ராம் எல்லாருக்கும் பொதுவாக யு.டி.எச். என்ற ஒரே வடிவத்தைக் கொண்டுவந்தது. உங்கள் சைக்கிளில் அது இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் சைக்கிள் வாங்கும் அன்றே, அதே கடையில், ஒரு உபரி ஹேங்கரும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்காட்டில் அதன் அருமை தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் ‘டிராப்பர்’ நேற்று வந்த ஆடம்பரம் என்று நினைத்தீர்களா? 1984-லேயே ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்செல் என்பவரும் சேர்ந்து ‘ஹைட்-ரைட்’ என்று ஒரு ஸ்பிரிங் கருவி செய்தார்கள்! இறக்கம் வந்தால் சீட் லீவரைத் திறந்து, உட்கார்ந்து சீட்டை அமுக்கு; ஏற்றம் வந்தால் மறுபடி திறந்துவிட்டு எழுந்துவிடு, சீட் பழைய இடத்துக்கு வரும். டிராப்பரோடு வரும் சைக்கிள் கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும் யோசிக்காமல் எடுக்கலாம். இல்லாவிட்டால், சீட் குழாய் 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டரா என்று மட்டும் பாருங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம். 27.2 என்றால் தேர்வு குறைவு.

அளவு? உயரத்தைச் சொன்னதும் ‘உங்களுக்கு லார்ஜ்’ என்பார்கள். ஒரு கம்பெனி லார்ஜ் இன்னொரு கம்பெனி மீடியம்! காட்டில் பாதி நேரம் பெடல் மேல் நின்றுதானே ஓட்டப்போகிறீர்கள்? அப்போது சீட் கணக்கிலேயே வராது. பெடல்களைச் சுழற்றும் கிராங்க்கின் நடுவுக்கும் கழுத்துக் குழாயின் உச்சிக்கும் இடையே கிடைமட்டமாக இருக்கும் ‘ரீச்’ என்ற தூரம்தான் உங்களுக்கு இடம் தருகிறது. ஆகவே கடையில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. இரண்டு பெடலும் சமமாக இருக்க, நின்று பாருங்கள்.

இன்னொரு தகவல், மாடல் பெயர்களைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு. மரின் என்ற நிறுவனம் 1986-ல் அந்த மரின் கவுண்டியிலேயே தொடங்கியதுதான். அவர்களுடைய ஆரம்பநிலை ‘பொலினாஸ் ரிட்ஜ்’ அங்குள்ள ஒரு மலைமுகட்டின் பெயர். கொஞ்சம் முரட்டு ஹார்ட்டெயிலுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘சான் குவென்டின்’! அதே கவுண்டியில் உலகப் புகழ்பெற்ற சிறைச்சாலை இருக்கும் இடம்! பெயர் எப்படியோ போகட்டும், ஒரே நிறுவனத்திலேயே இரண்டு குணங்கள் உண்டு என்பதைக் கவனியுங்கள். ட்ரெக் நிறுவனத்தில் மார்லின் ஒரு ரகம், ராஸ்கோ ஒரு ரகம். ஜயன்ட் நிறுவனத்தில் டேலன் ஒன்று, ஃபேதம் ஒன்று. முதலாவது மண்சாலைக்கும் ஊருக்கும் இளகிக் கொடுப்பது; இரண்டாவது வேருக்கும் பாறைக்கும் முண்டா தட்டுவது. வார நாளில் அலுவலகம், ஞாயிறு மட்டும் மண்பாதை என்றால் முதல் ரகமே தாராளம். மாடல்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே போன வருஷத்துப் பேச்சை நம்பாமல் இந்த வருஷத்து எண்களைப் படியுங்கள்.

கடைசியாக ஒரு திகைப்பு: நல்ல மலைச் சைக்கிள்கள் பலவும் பெடலே இல்லாமல் விற்கப்படுகின்றன! ஆணி முளைத்த தட்டைப் பெடல் ஒரு ஜோடி தனியாக வாங்க வேண்டும். மாட்டும்போது ஜாக்கிரதை: வலது பெடல் எல்லா போல்ட்டையும்போல வலப்பக்கம் திருகினால் இறுகும், இடது பெடலோ எதிர்மறை, இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். நீங்கள் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. குழப்பமாக இருந்தால், ஸ்பேனரை மேல்பக்கமாக வைத்து முன்சக்கரம் இருக்கும் திசைக்குத் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படியேதான் இறுகும். தெரியாமல் மாற்றித் திருகி பலத்தைக் காட்டினால், இரும்பு மறை அலுமினியக் கிராங்கைச் சீவி எடுத்துவிடும். அப்புறம் புதுக் கிராங்க்தான். முதலில் கையாலேயே நாலைந்து சுற்றுத் திருகி, வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் மட்டும் ஸ்பேனரை எடுங்கள். மறையில் ஒரு பொட்டு கிரீஸும் வையுங்கள். முதல் நாள் ஓட்டி முடித்ததும் இரண்டையும் இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.